பழைய ரிவால்வரில் இறுகிப்போன ஸ்க்ரூ: அறிகுறி பார்த்துக் கழற்றுவதும் மாற்றுவதும்

ஒரு பழைய ரிவால்வரை இதற்கு முன்னால் எப்படிப்பட்ட கைகள் பிரித்திருக்கின்றன என்பதை அதன் ஸ்க்ரூ தலைகளே சொல்லிவிடும். திருப்புளி உட்காரும் பள்ளமான காடி விரிந்து, விளிம்பு பிய்ந்து, பக்கத்து இரும்பில் கீறலும் விழுந்திருந்தால், பொருந்தாத திருப்புளியை வைத்து யாரோ பலம் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். நூறு வருஷம் கழித்து அந்த ஸ்க்ரூவை வெளியே எடுக்க நமக்கு இருக்கும் ஒரே பிடி அந்தக் காடிதான். அது போய்விட்டால் அடுத்து டிரில்தான். அதனால் இந்த வேலையில் ஒவ்வொரு கட்டத்திலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இப்போது செய்யப்போவதால் காடிக்கு ஆபத்து உண்டா? உண்டு என்றால் வேறு வழி தேட வேண்டும்.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் ஸ்க்ரூ எந்த நிலையில் இருக்கிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

முதலில் ரிவால்வர் காலியாக இருக்க வேண்டும். சிலிண்டரை வெளியே எடுத்தோ, பக்கக் கதவைத் திறந்து ஒவ்வொரு அறையாகச் சுற்றியோ, எல்லா அறைகளையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் தோட்டாவே இருக்கக்கூடாது. மருந்தையும் குண்டையும் சிலிண்டரின் முன்பக்கமாகத் திணித்து, பின்னால் கேப் மாட்டும் வகையாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கோல்ட் 1851 நேவி, 1860 ஆர்மி எல்லாம் இந்த வகை. இவற்றில் எந்தக் காலத்திலோ நிரப்பிய மருந்து அப்படியே உள்ளே கிடப்பது உண்டு. ஈரம் படாத கருமருந்து எத்தனை தலைமுறை கழித்தும் தீப்பிடிக்கும். ஒரு மெல்லிய மரக்குச்சியை ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். ஒரு அறை மட்டும் ஆழம் குறைவாக இருந்தாலோ, எல்லாமே எதிர்பார்த்ததைவிட ஆழம் குறைவாக இருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கி பழுது பார்க்கத் தெரிந்த உரிமம் பெற்றவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் தட்டுவதும் கூடாது, சூடு காட்டுவதும் கூடாது.

யார் பிரிக்கலாம், யார் பழுது பார்க்கலாம் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊரில் எது பொருந்துமோ அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். இந்த ஸ்க்ரூவைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கப்போகிற ரிவால்வருக்குள் துரு ஓடவில்லை என்றால், அசையாத ஸ்க்ரூவை அசையாமலே விடுவது நல்ல முடிவு. சில ஸ்க்ரூக்களைக் கழற்றத் தேவையே இருக்காது. மேல்பட்டை இல்லாத பழைய கோல்ட்களில் குழலைச் சட்டத்தோடு, அதாவது ரிவால்வரின் உடற்பகுதியோடு, பிடித்து வைப்பது ஒரு ஆப்பு. அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ, ஆப்பு முழுதாக வெளியே விழுந்துவிடாமல் தடுப்பதற்கு மட்டும்தான். குழலைக் கழற்ற ஆப்பை நைலான் முனைச் சுத்தியலால் தட்டித் தளர்த்தினாலே போதும். அந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டி அதன் தலையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: திருப்புளி காடியை விட்டு ஏறி வழுக்குகிறது

இது ஸ்க்ரூவின் குற்றம் இல்லை, திருப்புளியின் குற்றம். வீட்டில் புழங்கும் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் இருக்கும். மேலே தடிமன், நுனிக்குப் போகப் போக மெலிவு. அதைக் காடியில் வைத்தால் காடியின் மேல் விளிம்புகளை மட்டும்தான் தொடும். திருப்பும்போது அந்தச் சரிவே முனையை மேலே ஏற்றிவிடும். அடியில் இருக்கும் உறுதியான இரும்புக்குப் பலம் போய்ச் சேரவே சேராது. வழுக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பு கொஞ்சம் பிய்யும், சட்டத்தின் நீல மெருகிலும் ஒரு கீறல் விழும்.

துப்பாக்கி வேலைக்கென்றே செய்யும் பிட்களின், அதாவது திருப்புளியில் கழற்றி மாட்டும் முனைகளின், பக்கங்கள் இணையாக இருக்கும். நுனிக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் உட்குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். பிட் காடியின் அடிவரை இறங்கி, இரண்டு சுவர்களையும் முழு உயரத்துக்கும் தொட வேண்டும். தடிமன் காடியை நிரப்ப வேண்டும், ஆடக்கூடாது. அகலம் ஸ்க்ரூ தலையின் விட்டத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். அதைவிட அகலமாக இருந்தால் குழிக்குள் இறங்கும்போது சட்டத்தைச் சுரண்டும், குறுகலாக இருந்தால் பலம் முழுவதும் தலையின் நடுவிலேயே விழும்.

பழைய ரிவால்வர்களின் காடி, இன்று கடையில் கிடைக்கும் பிட்களைவிடப் பெரும்பாலும் மெலிதாக இருக்கும். அதனால் பிட்டை நாமே தேய்த்துப் பொருத்த வேண்டிவரும். மலிவான பிட் தொகுப்பு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு பிட் தேய்ப்பதில் கஞ்சத்தனமே வேண்டாம். சாணைக் கல்லில் தேய்த்தால் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். முனை நீலம் பூத்துவிட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த முனை இனி இறுகிய ஸ்க்ரூவில் வளைந்து கொடுக்கும், காடியையும் கூடவே கெடுக்கும். கடைசிச் சில தேய்ப்புகளை எண்ணெய்க் கல்லில் கையாலேயே செய்துவிடுவது உத்தமம். பிட்டைக் காடியில் நிறுத்திக் கையை எடுத்தால், சாயாமல் தானாக நிற்க வேண்டும். அதுதான் சரியான பொருத்தம்.

அறிகுறி: காடி முன்பே சிதைந்துபோயிருக்கிறது

யாரோ கெடுத்து வைத்த காடியில் நேராகப் பிட்டை வைத்துத் திருப்பினால், மிச்சம் இருப்பதும் போய்விடும். முதலில் காடியைச் சரிசெய்துவிட்டுத்தான் கழற்றும் வேலை.

நல்ல செய்தி என்னவென்றால், சிதைந்த காடியில் இரும்பு பெரும்பாலும் தொலைந்துபோயிருக்காது, இடம் மாறியிருக்கும். விளிம்பிலிருந்து பிதுங்கி மேலே எழும்பி நிற்கும். முகம் வழவழப்பாக மெருகேற்றிய சின்னச் சுத்தியலை எடுத்து, எழும்பிய பகுதியைச் சுற்றிலும் இருந்து காடியை நோக்கி மெல்ல மெல்லத் தட்டினால், அது பழைய இடத்துக்கே நகரும். அடி ஒவ்வொன்றும் இலேசாக இருக்க வேண்டும். பலமாக ஒன்று அடிப்பதைவிட மெதுவாக இருபது தட்டுவது மேல். சட்டத்தின்மேல் அடி விழாமல் இருக்க, நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைத் தலையைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். காடி கிட்டத்தட்ட மூடிக்கொண்டதும், ஸ்க்ரூ காடிக்கென்றே வரும் மெல்லிய அரத்தால் அதைத் திரும்பத் திறக்க வேண்டும். இந்த அரத்தின் ஓரத்தில் மட்டும்தான் பல் இருக்கும், பக்கங்கள் வழவழப்பாக இருக்கும். அதனால் காடி அகலமாகாமல் ஆழமாகவும் நேராகவும் மட்டும் ஆகும்.

தட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு தட்டும் உள்ளே மரையில் பிடித்திருக்கும் துருவைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. காடியைச் சரிசெய்து முடிக்கும்போது ஸ்க்ரூவும் பாதி வழிக்கு வந்திருக்கும்.

அறிகுறி: பிட் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் ஸ்க்ரூ அசையவே இல்லை

நேரம் போவது இங்கேதான், பொறுமை வேண்டியதும் இங்கேதான்.

எதனால் பிடித்திருக்கிறது என்று முதலில் யூகிக்க வேண்டும். துரு என்றால், இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடி மரைக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல் நிற்கும். பழைய எண்ணெய் என்றால், வருஷக்கணக்கில் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும். கருமருந்தில் சுட்ட ரிவால்வர் என்றால் அதன் கசடும் உப்புகளும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்து அரித்திருக்கும். தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமர்களில், பொட்டாசியம் குளோரேட் கலந்த பழைய வகை விட்டுப்போகும் உப்பும் அப்படித்தான். 1890-களுக்கு முந்தைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில், சிலிண்டர் சுழலும் அச்சுக்கம்பியைச் சட்டத்தின் முன்புறம் சாய்வாக ஏறும் ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும். கசடு வந்து படியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மற்றதெல்லாம் கழன்று வந்தாலும் அது மட்டும் வராமல் அடம்பிடிப்பது சகஜம்.

எண்ணெயில் தொடங்குங்கள். முதலில் பிடிகளைக் கழற்றி அப்பால் வையுங்கள், மரமும் தந்தமும் எண்ணெயைக் குடித்தால் கறை போகாது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கும் எண்ணெய் எதுவானாலும் சரி. டபிள்யூடி-40 அதற்காகப் பிறந்தது இல்லை. பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளும் நீரை விலக்குவது என்ற பொருளில் வந்தவை. 1953-இல் அதை உருவாக்கியதும் ஈரத்தை விரட்டத்தான். கார் கியர் எண்ணெயான ஏடிஎஃப்-ஐயும் அசிட்டோனையும் சமபாகம் கலந்து சொட்டுவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், மரப்பிடியின் மெருகையும் சில பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும், இரண்டும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் குலுக்கவும் வேண்டும்.

எண்ணெயை எங்கே விடுகிறோம் என்பது, எந்த எண்ணெய் என்பதைவிட முக்கியம். சட்டத்தின் குறுக்கே போகும் ஸ்க்ரூக்களின் மரை, தலைக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரில்தான் இருக்கும். தலைப்பக்கம் எத்தனை சொட்டு விட்டாலும் மரைக்குப் போய்ச் சேர நாளாகும். ரிவால்வரைத் திருப்பிப் போட்டு, ஸ்க்ரூவின் நுனி தெரியும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் நேராக மரைக்குள்ளேயே இறங்கும். நுனிப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் இன்னொரு சொட்டு. இப்படி ஒரு வாரம் விட்டாலும் ரிவால்வருக்கு ஒரு கேடும் இல்லை.

நடுநடுவே தட்ட வேண்டும். பொருத்தமான பிட்டைக் காடியில் நிறுத்தி, பிட்டின் பின்புறத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். சட்டத்தை மணல்பையின் மேலோ, தோல் சுற்றிய மரக்கட்டையின் மேலோ, தட்டும் இடத்துக்கு நேர் கீழே தாங்கு இருக்கும்படி வையுங்கள். தாங்கு இல்லாமல் அடித்தால் சட்டத்தின் மெல்லிய சுவர் வளைய வாய்ப்பு உண்டு. காரில் புழங்கும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை இந்தச் சின்ன ஸ்க்ரூக்களில் வைக்கவே கூடாது.

தட்டிய பிறகு திருப்பிப் பார்க்கும்போது, முதல் முயற்சியை இறுக்கும் பக்கமாகவே செய்யுங்கள். மயிரிழை அளவு இறுகினாலும் துருவின் பிடி உடைந்துவிடும், பிறகு தளர்த்துவது எளிது.

இன்னும் அசையவில்லையா? சரி, சூடு. ஆனால் நெருப்பு வேண்டாம். சுடரைக் காட்டினால் நீல மெருகு மாறும், மேற்பரப்பைக் கடினமாக்கும்போது சட்டத்தில் வந்த வண்ணத் திட்டுகள் மங்கும், ஸ்பிரிங்குகளின் பதம் போகும். வண்ணத் திட்டுகள் உள்ள பழைய கோல்ட் சட்டம் ஒன்றைச் சூட்டால் கெடுத்துவிட்டால், பிறகு எந்தச் செலவு செய்தாலும் அசல் திரும்ப வராது. அதனால் சாலிடரிங் அயர்னை மட்டும் எடுங்கள். தலையில் முழுதாகப் பதியும்படி தட்டையான தடித்த முனையைப் போட்டு, ஸ்க்ரூ தலையில் மட்டும் ஒன்றிரண்டு நிமிஷம் வைத்துப் பிடியுங்கள். ஸ்க்ரூ சூடேறி விரிந்து, ஆறும்போது சுருங்கும். அந்த விரிவிலும் சுருக்கத்திலும் துரு நொறுங்கும். சூடு வைக்கும் முன் எண்ணெயைத் துடைத்து, அசிட்டோன் கலந்ததாக இருந்தால் முழுக்க ஆவியாகவிட்டுத்தான் தொட வேண்டும். ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது புதிதாக ஒரு சொட்டு விட்டால், குளிரக் குளிர உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தக் காலத்தில் சூட்டிலேயே பளிச்சென்று நீலமேற்றிய ஸ்க்ரூ தலைகள் சுமார் 300 டிகிரி செல்சியஸில் அந்த நிறத்துக்கு வந்தவை. அயர்ன் முனை அதைவிடச் சூடாக இருந்தால் தலையின் நிறம் மாறலாம். அசல் நிறம் மிச்சம் இருக்கும் தலை என்றால் சூட்டைத் தவிர்த்து, அடுத்த வழிக்கே போய்விடுங்கள்.

இடையில் யாராவது மரையில் ஒட்டுப்பசை போட்டிருக்கவும் கூடும். வலுவான சிவப்பு வகையாக இருந்தால் எண்ணெயால் ஒன்றும் ஆகாது. அது இளக 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நீல வகை என்றால் சரியான பிட்டும் கைப்பலமும் போதும்.

கடைசியாக டிரில் பிரஸ். ஓட்டை போடுவதற்கு இல்லை, அழுத்திப் பிடிப்பதற்கு. திருப்புளி வழுக்குவதற்கு இன்னொரு காரணம், நம் கை ஒரே நேரத்தில் கீழே அழுத்தவும் திருப்பவும் வேண்டியிருப்பது. டிரில் பிரஸ் அழுத்தும் வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளும், திருப்புவது மட்டும் நம் வேலை. மின் இணைப்பின் பிளக்கை முதலில் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. பொருத்தமான பிட்டை சக்கில், அதாவது டிரில்லின் முனையைப் பிடிக்கும் வாயில், மாட்டுங்கள். சட்டத்தைத் தோல் வைத்த வைஸில் பிடித்து, ஸ்க்ரூ தலை பிட்டுக்கு நேர் கீழே, கொஞ்சமும் சாயாமல் வரும்படி மேசையில் வையுங்கள். கைப்பிடியை இறக்கிப் பிட்டைக் காடியில் உட்கார வைத்து, நன்றாக அழுத்தம் கொடுங்கள். இனிப் பிட் மேலே ஏற வழியே இல்லை. இன்னொரு கையால் சக்கை, அல்லது சக் சாவியை நெம்புகோலாக வைத்து, மெதுவாகத் திருப்புங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அழுத்தம், அப்புறம் தளர்த்தும் பக்கம். ஸ்க்ரூ பிடி விடும்போது ஒரு சின்ன ‘டிக்’ சத்தம் கேட்கும். சில சமயம் சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி சுழலும். கால் சுற்று வந்ததும் அழுத்தத்தைத் தளர்த்திவிடுங்கள், மீதியைக் கையிலேயே எடுத்துவிடலாம். பிட் முறுக்கிக்கொண்டு வளைவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. அதற்கு மேலும் முறுக்கினால் காடி அல்லது தலை, இரண்டில் ஒன்று போகும்.

அறிகுறி: கொஞ்சம் சுற்றி, கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது

சந்தோஷத்தில் அப்படியே இழுத்துத் திருப்பிவிடத் தோன்றும். வேண்டாம். மரைக்கு நடுவில் துருத்தூள் மாட்டியிருக்கிறது, அல்லது இரும்போடு இரும்பு உரசி ஒட்டத் தொடங்கியிருக்கிறது. உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, வெளியே வரும் அளவு மட்டும் திருப்பி, மறுபடி உள்ளே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரம் கூடும். வெளியே வரும் எண்ணெய் பழுப்பாகக் கசிந்தால் துரு கரைந்து வருகிறது, நல்ல அறிகுறி. வெள்ளியாக மின்னும் தூள் வந்தால் மரையே தேய்கிறது. எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் கிரீஸ் வைத்து, வேகத்தை இன்னும் குறையுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் ஸ்க்ரூ வளைந்திருக்கலாம். அரை சுற்றுக்கு ஒருமுறை இறுகி, அரை சுற்றுக்கு ஒருமுறை தளர்ந்தால் அது அநேகமாக வளைவுதான்.

அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

மரை தேய்ந்துபோயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், உள்ளே ஏதாவது ஸ்பிரிங் அந்த ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் நெருக்குகிறதா என்று பாருங்கள். ஹேமர், ட்ரிக்கர் இவற்றின் அச்சாக இருக்கும் ஸ்க்ரூக்கள் மெயின் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருந்தால், மரையை விட்டு முழுதாகக் கழன்ற பிறகும் ஓட்டைக்குள்ளேயே நிற்கும். முதலில் மெயின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி அழுத்தத்தை நீக்குங்கள், பிறகு நுனிப்பக்கம் இருந்து ஒரு மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். நிறைய முறை அதுவே போதும். உண்மையிலேயே மரை தேய்ந்திருந்தால் தலைக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகட்டை நுழைத்து மேல்நோக்கி இலேசாக அழுத்தம் கொடுத்துக்கொண்டே திருப்பினால், மிச்சம் இருக்கும் மரையில் ஏறி வெளியே வரும்.

அறிகுறி: எவ்வளவு திருப்பினாலும் இன்னும் இறுகுகிறது

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பி பழைய மாடல்களில் வழக்கமான வலது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால் இறுகுவது. சுடும்போது அது தானாகத் தளர்ந்து முன்னால் வந்து சிலிண்டரைத் திறக்கவிடாமல் பூட்டிவிடும் பிரச்சினை இருந்ததால், 1960-களின் தொடக்கத்தில் இடது மரைக்கு மாற்றினார்கள். எந்தக் காலத்து ரிவால்வர் என்று பார்த்துக்கொண்டுதான் திருப்பும் திசையை முடிவு செய்ய வேண்டும். கம்பியைப் பிடிக்க இடுக்கி வேண்டாம், தடம் விழும். தோல் சுற்றி டிரில் சக்கில் பிடிப்பது பாதுகாப்பானது. திருப்பும்போது எல்லா அறைகளிலும் சுட்ட காலித் தோட்டா உறைகளைப் போட்டு வையுங்கள். நட்சத்திர வடிவத் தள்ளியை அவை தாங்கிப் பிடிக்கும். அவை இல்லாமல் முறுக்கினால் தள்ளியும் அதன் சின்ன ஊசிகளும் கெட்டுப்போகும்.

அறிகுறி: தலை உடைந்துவிட்டது

பதறாமல் ஒரு நாள் அப்படியே எண்ணெயில் விடுங்கள். தலை போனதால் இறுக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கும். நுனி எதிர்ப்பக்கம் தெரியும் ஸ்க்ரூ என்றால் ஒரு வசதி உண்டு. நுனிப்பக்கம் இருந்து பார்க்கும்போது வலப்பக்கம் சுற்றுவது, தலைப்பக்கம் இருந்து பார்த்தால் இடப்பக்கம், அதாவது தளர்த்தும் திசை. அதனால் நுனியின் நடுவில் சாதாரண டிரில் பிட்டை வைத்து மெதுவாகத் துளையிட்டால், பிட் கவ்வும் கணத்தில் ஸ்க்ரூ தலை இருந்த பக்கமாகத் தானே நகரத் தொடங்கும். தலைப்பக்கம் இருந்துதான் துளையிட முடியும் என்றால் இடது சுற்று டிரில் பிட் வாங்க வேண்டும்.

நடுவைக் குறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடைந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும், பஞ்ச் வழுக்கும். முதலில் முகத்தைத் தட்டையாக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து நடுவைக் குறியுங்கள். பழைய ஸ்க்ரூக்களில் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மிருது. மேல்தோலைத் தாண்டியதும் டிரில் சுலபமாக இறங்கும். துளை பக்கவாட்டில் ஓடிச் சட்டத்தின் மரையைத் தொட்டுவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

துளைக்குள் திருகி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்களை இவ்வளவு சின்ன ஸ்க்ரூக்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மிகக் கடினமானவை, ஒடிந்தால் சாதாரண டிரில்லால் தொடக்கூட முடியாது. கடிகாரக்காரர்கள் படிகாரக் கரைசலில் போட்டு உடைந்த எஃகைக் கரைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு அதை முயல்வதும் கூடாது. அங்கே சுற்றியிருப்பது பித்தளை, அதனால் தப்பிக்கிறது. இங்கே சட்டமும் எஃகு, அதுவும் சேர்ந்து அரிக்கும். வினிகரும் இதே கதைதான், நீல மெருகை முதலில் தின்றுவிடும்.

அறிகுறி: எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டது, பக்கத் தகடு வரவில்லை

நெம்பாதீர்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பிய தடம் என்றைக்கும் மறையாது. உள்ளே இருக்கும் பாகங்களை மூடும் இந்தத் தகடு சட்டத்தோடு அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தப்பட்டது. பிடியைக் கழற்றிவிட்டு, தகடு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சட்டத்தை மரச்சுத்தியல் கைப்பிடியால் தொடர்ந்து தட்டினால் அதிர்விலேயே தகடு மேலெழும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் தகடு வலப்பக்கம், அதில் ஒரு ஸ்க்ரூ பிடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கோல்ட்டின் இரட்டை இயக்க மாடல்களில் தகடு இடப்பக்கம்.

மாற்று ஸ்க்ரூ

கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதன் சொந்த ஓட்டைக்கே போக வேண்டும். தொழிற்சாலையில் ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கிய பிறகுதான் சட்டத்தோடு சேர்த்துத் தலையையும் மெருகேற்றினார்கள். பார்க்க இரட்டைப்பிள்ளை மாதிரி இருந்தாலும் இடம் மாறினால் ஒன்று மேலே நிற்கும், இன்னொன்று உள்ளே அமுங்கும். அட்டையில் ரிவால்வரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைப்பதைவிட நல்ல முறை இல்லை.

மாற்றுவதாக இருந்தால் மரையை அளப்பதில் அவசரம் கூடாது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 டிகிரி மரையை முன்வைத்தார், வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரி மரையை. சின்ன ஸ்க்ரூக்களுக்காக வந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் மரையின் கோணம் 47½ டிகிரி. இவையெல்லாம் வந்த பிறகும் துப்பாக்கித் தொழிற்சாலைகள் தங்கள் சொந்த அளவிலேயே மரை வெட்டிப் பயன்படுத்தின. ஒன்றிரண்டு சுற்று ஏறுகிறது என்பதற்காக இன்றைய மெட்ரிக் ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினால் சட்டத்தின் மரை போய்விடும். ஸ்க்ரூவை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், சட்டம் ஒன்றுதான். மரை அளவியை வைத்துப் பழைய ஸ்க்ரூவில் அளங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பற்களுக்கு நடுவில் ஒளி தெரியக்கூடாது. உறுதியாகத் தெரியவில்லை என்றால், அந்த மாடலுக்கென்று விற்கும் ஸ்க்ரூவை வாங்குங்கள், அல்லது பழையதை மாதிரியாகக் கொடுத்து லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

மரை மட்டும் பொருந்தினால் போதாது. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஹேமர், ட்ரிக்கர், சிலிண்டரைப் பூட்டும் போல்ட் மூன்றும் ஸ்க்ரூக்களின் மரையில்லாத தண்டில்தான் சுழல்கின்றன. தண்டு மெலிந்தால் அந்தப் பாகங்கள் ஆடும், சிலிண்டர் குழலுக்கு நேராக வந்து பூட்டும் நேரம் தப்பும். தடித்தால் சிக்கும். தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தே செய்யுங்கள். நீளத்தைப் பொறுத்தவரை, குறுக்கு ஸ்க்ரூவின் நுனி சட்டத்தின் வெளிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும். தலையைக் கொஞ்சம் உயரமாக விட்டுச் செய்து, போட்டு இறுக்கிக் குறித்து, வெளியே எடுத்துத்தான் அரம் போட வேண்டும். சட்டத்தில் வைத்துக்கொண்டே தேய்த்தால் சட்டத்தின் மெருகும் சேர்ந்து போகும்.

காடிகள் எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்பதற்காக அசல் ஸ்க்ரூவைத் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. கழற்றும் முன் எடுத்த படத்தில் எப்படி நின்றதோ அப்படி நின்றால் போதும். கெட்டுப்போன அசல் ஸ்க்ரூவைத் தூக்கி எறியாமல், எந்த இடத்து ஸ்க்ரூ என்று எழுதி ரிவால்வரோடு வைத்துவிடுங்கள். சேகரிப்பவர்களுக்கு அதுவும் மதிப்புள்ளது.

போடும்போது ஓட்டையையும் மரையையும் சின்ன பிரஷால் சுத்தம் செய்யுங்கள். உப்புக்கசடு இருந்த ரிவால்வர் என்றால் எண்ணெய் உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்கப்புறம்தான் எண்ணெய். மரையில் ஒரு துளி எண்ணெய் அல்லது கொஞ்சம் கிரீஸ். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து, விரலால் முதலில் தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். மரையின் தொடக்கம் ஒன்றோடு ஒன்று சந்திக்கும்போது சின்னதாக ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து உள்ளே திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. விரலால் ஏறாத ஸ்க்ரூவைத் திருப்புளியால் ஏற்றக்கூடாது.

அறிகுறி: பூட்டிய பிறகு ஏதோ சரியில்லை

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரைத் தாங்கும் கை வெளியே திறக்கும்போது சிக்கினாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ, தகட்டின் முன் ஸ்க்ரூவைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதன் நுனி அந்தக் கையைப் பிடித்து வைக்கும் அளவுக்கு ஒட்டித் தேய்த்துப் பொருத்தப்பட்டது. இன்னொரு தகட்டு ஸ்க்ரூவோடு இடம் மாறியிருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஹேமர் விழும் வேகம் குறைந்து, ட்ரிக்கர் இழுப்பு திடீரென்று மென்மையாகிவிட்டது என்றால், கைப்பிடியின் முன்புறம் மெயின் ஸ்பிரிங்கை அழுத்தும் ஸ்க்ரூ முழுதாக இறங்கவில்லை. அதைப் பாதியில் விடக்கூடாது, அடிவரை இறுக்க வேண்டும். பிடி ஸ்க்ரூவுக்கு நேர் எதிர் விதி. பழைய கெட்டி ரப்பர் பிடிகள் காலத்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், தந்தமும் சுருங்கியிருக்கும். இரண்டு பக்கமும் அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் கால் சுற்றிலேயே விரிசல் விடும். கடைசியாக, காலி ரிவால்வரில் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்தபடி மெதுவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராகப் பூட்டுகிறதா என்று சிலிண்டர் முழுச் சுற்று வரும்வரை பாருங்கள். ஒரு அறையில் மட்டும் பூட்டவில்லை என்றால் அது பழைய தேய்மானம். எல்லா அறையிலும் ஒரே மாதிரி தாமதமானால், நீங்கள் மாற்றிய அச்சு ஸ்க்ரூவின் தண்டைத் திரும்ப அளந்து பாருங்கள்.